பெயர் சொல்லிக் கூப்பிட்டவள்

கார்த்திகை பிறந்ததும் ஹாராமணி புரி ரயில் நிலையத்தில் போய் நிற்பாள். பத்ரக்கிலிருந்து வரும் ரயிலில் அவளுடைய தோழி இறங்குவாள். மாதம் முழுக்க இருவரும் நோன்பிருந்து, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, கோவில் கோவிலாகச் சுற்றுவார்கள். மாதம் முடிகிற பௌர்ணமி கழிந்ததும் தோழி ரயிலேறிவிடுவாள், ஹாராமணி ஒரு வாரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள். வருடா வருடம் இதுதான் வழக்கம். இந்த வருடம் தோழி இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தியும் இறங்கினாள்.

ஹாராமணிக்கு அங்கேயே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

தோழியின் பெயர் கேதகி. அதை நான் சொல்லலாம், நீங்கள் சொல்லலாம், ஹாராமணி சொல்லக் கூடாது. ஒரே தெருவில் வளர்ந்த சின்னப் பெண்களாக இருந்தபோது, ஜகந்நாதர் கோவில் ஆனந்தபஜாரில் உட்கார்ந்து, சாமிக்குப் படைத்த மகாபிரசாதச் சோற்றை ஒருத்தி வாயில் ஒருத்தி ஊட்டிக்கொண்டவர்கள். அப்படி ஊட்டிக்கொண்டால் அது கூடப்பிறந்த உறவைவிடக் கெட்டி. அன்றிலிருந்து இவளுக்கு அவள் 'மகாபிரசாத்', அவளுக்கு இவளும் 'மகாபிரசாத்'. சாகும்வரை பெயர் சொல்லக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, கேடு நினைக்கக் கூடாது. கேதகி பத்ரக்குக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், இருவரும் பிள்ளை பெற்றார்கள், இருவருமே புருஷனைப் பறிகொடுத்தார்கள். அந்த உறவு மட்டும் ஊசிப்போகவில்லை.

வந்தவள் பெயர் இந்துலதா. கேதகியின் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். சம்பல்பூர் பக்கத்துக்காரி, ரயில்வேக்காரரின் விதவை, முழங்கால் வலிக்காரி. இவ்வளவையும் வீடு வந்து சேருவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். பேச்சுக்குப் பேச்சு ஹாராமணியை அக்கா என்றாள். யாருக்கு யார் அக்கா என்று ஹாராமணி மனதுக்குள் முறுக்கிக்கொண்டாள்.

இந்த மாதம் எப்படிப் போகும் என்று முதல் நாள் விடியலிலேயே தெரிந்துவிட்டது. துளசி மாடத்தைச் சுற்றிக் கலர்ப்பொடியால் கோலம் போடுவது எப்போதும் தோழிகள் இருவரின் வேலை. ஹாராமணி கோடு இழுப்பாள், கேதகி நிரப்புவாள். அன்று ஹாராமணி குளித்துவிட்டு வந்து பார்த்தால் கோலம் முடிந்து கிடந்தது. மயிலெல்லாம் இருந்தது அதில். தெருப் பெண்கள் எட்டிப் பார்த்து யார் போட்டது என்று கேட்டார்கள். "எங்க இந்துலதா," என்றாள் கேதகி. எங்க என்ற அந்த ஒரு சொல் ஹாராமணியின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது. நோன்பு மாதத்தில் மீன்முள்ளை நினைத்த பாவமும் சேர்ந்துகொண்டது.

சும்மா இருப்பாளா? இந்த ஊர் வழக்கமே அப்படி. தேர்த் திருவிழாவுக்கு ஜகந்நாதர் தன்னை விட்டுவிட்டு அண்ணன் தங்கையோடு கிளம்பிப் போனார் என்பதற்காக, மகாலட்சுமியே பின்னால் போய்த் தேரில் ஒரு கட்டையை ஒடித்துவிட்டு வருகிற ஊர் இது. அவர் திரும்பி வந்தாலும் உடனே கதவு திறக்க மாட்டாள், ரசகுல்லா கொடுத்துக் கெஞ்ச வேண்டும். சாட்சாத் லட்சுமியே அப்படியென்றால் ஹாராமணி எந்த மூலைக்கு.

அவள் கண்டுபிடித்த வழி முழங்கால். இந்துலதாவின் முழங்கால் எத்தனை கோவில் தாங்கும் என்று பார்த்துவிடுவது. கார்த்திகையில் ரிக்‌ஷா ஏறினால் புண்ணியம் பாதிதான் என்று சொல்லிவைத்தாள். அது பச்சைப் பொய். ஆனால் அதைக் கேதகி முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இந்துலதாவைப் பார்த்துத்தான் சொன்னாள். மகாபிரசாத் தோழியிடம்தானே பொய் சொல்லக் கூடாது, அடுத்த வீட்டுக்காரியிடம் சொன்னால் என்ன என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

நடை தொடங்கியது. பள்ளத்தில் இருக்கிற யமேசுவரர் கோவிலுக்குப் படியிறங்கி ஏறினார்கள். மார்க்கண்டேயர் குளத்தைச் சுற்றினார்கள். கபாலமோசனருக்குக் குறுக்குச் சந்து இருக்க, ஹாராமணி ஊரைச் சுற்றி அழைத்துப் போனாள். நரேந்திரக் குளக்கரையில் வெயிலில் நிறுத்தினாள். அடுத்த நாள் முதலிலிருந்து மறுபடியும். இந்துலதா காலை இழுத்து இழுத்து வந்தாளே தவிர நிற்கவில்லை. போதாததற்கு எல்லாவற்றையும் நின்று கேட்டாள். இந்தச் சாமி ஏன் இவ்வளவு கீழே உட்கார்ந்திருக்கிறார், அந்தச் சிங்கத்தின் காலடியில் ஏன் யானை கிடக்கிறது என்று பூசாரியைப் பிடித்துக்கொள்வாள். கேதகியும் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். இத்தனை வருடமாக அந்தக் கல்லையெல்லாம் தாண்டித் தாண்டிப் போனவள்தான் அவள். ஹாராமணிக்குப் பதில் தெரியாது. உள்ளூர்க்காரிக்கே தெரியவில்லை என்பது அதைவிட எரிச்சல்.

வலியில் இந்துலதா தடுமாறும்போதெல்லாம் கேதகி தோள் கொடுத்தாள். ஆக, ஹாராமணி போட்ட திட்டத்தால் நடந்தது என்னவென்றால், மாதம் முழுக்க அவர்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள், ஹாராமணி தனியாக முன்னால் நடந்தாள்.

லோகநாதர் கோவிலில்தான் அது வெடித்தது. ஊருக்கு மேற்கே, நல்ல தூரம். அங்கே லிங்கம் எப்போதும் தண்ணீருக்குள்தான் இருக்கும், வருடத்தில் ஒரு ராத்திரி தவிர யார் கண்ணிலும் படாது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் இந்துலதா குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கேதகி அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவிவிட ஆரம்பித்தாள். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். ஹாராமணி அடுத்த கோவில் நடை சாத்திவிடுவார்கள் என்று அவசரப்படுத்தினாள்.

"சாத்தட்டுமே," என்றாள் கேதகி. "எத்தனை வருஷமா வரேன். இந்தப் படியில ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கமா? நீ எப்பவும் ஓட்டமா ஓட்டுவ, நானும் பின்னாலயே ஓடி வருவேன். இந்துகூட வந்தப்புறம்தான் கோவில்னா என்னன்னே தெரியுது."

ஹாராமணிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வைதிருக்கலாம், அழுதிருக்கலாம். அவள் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"கேதகி, எழுந்திருடி. போதும்."

குளக்கரையில் இருந்த நோன்புக்காரப் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர்கள் மகாபிரசாத் தோழிகள் என்பது அந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. கேதகி, இந்துலதாவின் காலை மெதுவாகக் கீழே வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஹாராமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் வெளியே வந்தது வந்ததுதான்.

பெயர் சொல்லிவிட்டால் உறவு அறுந்த கணக்கு. மறுபடி ஒட்ட வேண்டுமானால் மகாபிரசாதம் ஊட்டிக்கொள்ள வேண்டும், அதையும் யாருடைய பெயர் சொல்லப்பட்டதோ அவள்தான் முதலில் ஊட்ட வேண்டும். மற்றவள் கேட்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். ஹாராமணி காத்திருந்தாள். கேதகி ஊட்டவில்லை. சண்டையும் போடவில்லை. சாப்பிடும்போது இங்க பாரு, அதை எடு என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மகாபிரசாத் என்ற சொல்லை ஹாராமணி அந்த வீட்டில் பௌர்ணமி வரைக்கும் கேட்கவே இல்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் இந்துலதா வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, நாளைக்கு ஆனந்தபஜாரில் தானும் கேதகியும் மகாபிரசாதம் ஊட்டிக்கொள்ளப் போவதாகவும், அக்கா கூட இருந்து ஆசீர்வாதம் பண்ண வேண்டும் என்றும் கேட்டாள். ஹாராமணி தலையை ஆட்டினாள். அன்று ராத்திரி அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

பௌர்ணமி விடியலில் குளத்தில் விளக்கேற்றிய வாழைப்பட்டை ஓடம் விட்டார்கள். கேதகியும் இந்துலதாவும் ஒரே ஓடத்தைச் சேர்ந்து பிடித்து விட்டார்கள். ஹாராமணியின் ஓடம் கரையிலேயே கவிழ்ந்து விளக்கு அணைந்தது. பிறகு சிங்க வாசல் வழியாகக் கோவிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு ஆனந்தபஜாருக்கு வந்தார்கள். மண்சட்டிகளில் ஆவி பறக்கும் சோறும் பருப்பும் கீரையும் வாங்கி, தரையில் இலை போட்டு உட்கார்ந்தார்கள். சுற்றிலும் ஒரே கூட்டம். எந்த ஜாதியானாலும் ஒரே இலையில் கை வைக்கிற இடம் அது. நீட்டினால் யாரும் மறுக்கக் கூடாத சோறு.

இந்துலதா ஒரு பிடி சோற்றை உருட்டினாள். கேதகி கண்ணை மூடி வாயைத் திறந்தாள். ஹாராமணி அந்தத் திறந்த வாயைப் பார்த்தாள். சின்ன வயதில் முன்பல் விழுந்த வாயாக இருந்தபோது அவள் ஊட்டிய அதே வாய்.

அவள் யோசித்துச் செய்யவில்லை. பந்தியில் குழந்தைகள் பாய்வார்களே, அப்படி நடுவில் பாய்ந்து, இந்துலதாவின் கையிலிருந்த சோற்றைத் தன் வாயால் கவ்வி விழுங்கிவிட்டாள்.

கேதகி கண்ணைத் திறந்தாள். இந்துலதா வெறும் கையோடு விழித்தாள். பக்கத்தில் சோறு விற்றுக்கொண்டிருந்த கிழவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஒரு கை ஓசை வேணாம் தாயி. வாங்கின வாய்க்குக் குடுக்கிற கையும் இருக்கணும். சாமி சோறு, பாதியில விடாத. அந்தம்மாவுக்கு ஊட்டு."

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். மறுக்க முடியாது. இந்துலதாவோ அதற்குள் வாயைத் திறந்து காத்திருந்தாள், அவள் கண்ணில் நீர் வேறு. ஹாராமணி ஒரு பிடி எடுத்து, விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு ஊட்டினாள்.

"மகாபிரசாத்," என்றாள் இந்துலதா, தழுதழுத்து.

"ம்," என்றாள் ஹாராமணி. கிழவர் முறைத்தார். "மகாபிரசாத்," என்று சொல்லித் தொலைத்தாள்.

கேதகி இலையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்ததோடு சரி. அவளுக்கு ஊட்ட யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் நோன்பு முடித்தவர்கள் மீன் சாப்பிடும் நாள். சாயங்காலம் ரயில். ஹாராமணி முற்றத்தில் அரிவாள்மணையில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள், இந்துலதா பக்கத்தில் பலகை போட்டுக் கடுகு அரைத்துக்கொண்டிருந்தாள். கேதகி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் இவளிடம் பொய் சொல்லக் கூடாதே என்று நினைத்து, ஹாராமணி அந்த ரிக்‌ஷா விஷயத்தை மெல்ல ஒத்துக்கொண்டாள்.

"தெரியும் மகாபிரசாத்," என்றாள் இந்துலதா. "ரெண்டாம் நாளே ஒரு ரிக்‌ஷாக்காரன்கிட்ட கேட்டுட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான்."

"பின்ன ஏன் நடந்த?"

"நீ எதுவரைக்கும் நடத்துவன்னு பாக்கத்தான். எனக்கும் ரோஷம் இருக்காதா?"

ஹாராமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. இந்துலதாவும் சேர்ந்துகொண்டாள். சிரிப்பு அடங்கியதும் இந்துலதா, கோடையில் வரும் சந்தன யாத்திரைத் திருவிழாவுக்குத் தான் மட்டும் வரட்டுமா என்று கேட்டாள். கேதகிக்கு அப்போது பேரன் பரீட்சை, வீட்டை விட்டு நகர முடியாது. ஹாராமணி மடியில் கிடந்த செதிலைத் தட்டிவிட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

"வாயேன் மகாபிரசாத். நாம ரெண்டு பேரும் மட்டும் போவோம். லோகநாதர் குளத்துல சாயங்காலம் வரைக்கும் உட்காருவோம்."

உள்ளே ஏதோ பெட்டி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. கேதகி வாசற்படியில் வந்து நின்றாள். ஒரு கையில் பாதி மடித்த சேலை. மூக்கு சிவந்திருந்தது.

"ரெண்டு பேரும் மட்டுமா? நான் என்ன செத்தா போயிட்டேன், ஹாராமணி?"

கடுகு அரைக்கும் சத்தம் நின்றது. கேதகி தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் குரலில் அந்தப் பெயரை ஹாராமணி பால்பல் விழுந்த வயதுக்குப் பிறகு கேட்டதே இல்லை. அதில் இருந்தது பொறாமை. அரைத்து வைத்த கடுகாட்டம் காரமான, சுத்தமான பொறாமை. மாதம் முழுக்கத் தன் வயிற்றில் எரிந்த அதே நெருப்பு அந்த வயிற்றிலும் எரிகிறது என்று தெரிந்ததும், ஹாராமணிக்கு எல்லாக் கோவிலையும் ஒரே நாளில் கும்பிட்ட சந்தோஷம் வந்தது. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு," என்றாள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள் கேதகி. பிறகு அழுதாள்.

ஹாராமணி முழங்கை வரைக்கும் தேய்த்துக் கை கழுவிவிட்டு, சாமி அலமாரியிலிருந்து சோறாகப் படைத்துக் காயவைத்த மகாபிரசாத அரிசிப் பையை எடுத்து வந்தாள். யார் முதலில் கொடுப்பது என்பதில் சிக்கல் வந்தது. இருவர் பெயருமே சொல்லப்பட்டாகிவிட்டது, இருவருக்கும் மனத்தாங்கல், இருவரும் காத்திருக்க வேண்டியவர்கள். பையை நடுவில் வைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் இந்துலதா வந்து இருவர் கையிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, ஒரே நேரத்தில் ஊட்டச் சொன்னாள். கை குறுக்கே இடித்துக்கொண்டு பாதி அரிசி தரையில் சிந்தியது. மீதி வாய்க்குள் போனது.

"மகாபிரசாத்," என்றாள் கேதகி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஹாராமணி வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற இந்துலதா, "என்ன?" என்று கேட்டாள்.

"உன்னை இல்லை," என்றார்கள் இருவரும்.