டப்பாவில் நாலு பொத்தான்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் முன்பணம் கட்டினால் பக்கத்துக் கல்லூரியில் மகளுக்கு இடம் உறுதி. கட்டாவிட்டால் இடமும் அதோடு வந்த உதவித்தொகையும் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். கட்டினாலோ, வேறு கல்லூரிகளுக்குப் போட்ட விண்ணப்பங்களைக் கைவிடுகிறேன் என்று அப்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். சோபா பழுது பார்க்கிறவருக்கு இதெல்லாம் திங்கட்கிழமையே தெரியும். வியாழக்கிழமை வரை அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வேறு கல்லூரி என்று ஒன்று இருந்ததுதான் சிக்கல். அது ஓர் இரவும் அரைப் பகலும் ரயிலில் போகிற தூரத்தில் இருந்தது. பாறைகளையும் மண்ணடுக்குகளையும் பற்றிய படிப்பு. இடம் தந்துவிட்டார்கள். உதவித்தொகையைப் பற்றி மட்டும் அடுத்த வாரம் சொல்கிறோம் என்றார்கள். அது கிடைக்காமல் அங்கே படிப்பது நடக்காத காரியம்.

அந்த அடுத்த வாரம் வராமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று சோபாக்காரருக்கு ஆசையாக இருந்தது.

கடையில் வெட்டுவதும், பட்டையை இழுத்துக் கட்டுவதும், துணியை இழுத்து ஆணி அடிப்பதும் எப்போதும் அவர் வேலை. தைப்பது அவருடைய மனைவி. போன வருடம் மழை தொடங்கிய சமயத்தில் அவள் போய்ச் சேர்ந்த பிறகு, பள்ளி விட்டு வந்து மகள் தைத்தாள். மெத்தை உறையின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கும்போது மெஷின் ஒரு மாதிரி திக்கித் திக்கி ஓடும். அவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வார். அந்தச் சத்தத்தில் சில நேரம், மெஷினில் உட்கார்ந்திருப்பது யார் என்பது மறந்துபோகும். மறந்துபோவதற்காகத்தான் அப்படி உட்கார்ந்தார் என்றும் சொல்லலாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு பழைய சோபாவைக் கவிழ்த்துப் போட்டு அடித்துணியை உரித்துக்கொண்டிருந்தபோது மச்சினர் வந்தார். மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவர் குரலைக் கேட்டவர்கள் அவருக்கு ஹாரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். மகளுக்கு அவர் ஹாரன் மாமா.

"என்ன அத்தான், இன்னும் பணம் கட்டலையாமே? நாளைக்குக் கடைசி நாள்னு என் வேன்ல வர்ற ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்குக்கூடத் தெரியும்."

"நீங்க ஹாரன் அடிச்சுச் சொல்லியிருப்பீங்க," என்றாள் மகள்.

"வாயப் பாரு. கல்லைப் படிக்கறதுக்கு ரயிலேறிப் போகணுமாக்கும். நம்ம தெருவுல ஜல்லியக் கொட்டிட்டு ரோடு போடாமப் போனானே, அதைக் குனிஞ்சு படிச்சாப் பத்தாதா?"

"நான் எங்கயும் போகலை மாமா. பக்கத்துக் காலேஜ்தான். முடிவு பண்ணிட்டேன்."

அவள் இதை மாமாவைப் பார்த்துச் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்தும் சொல்லவில்லை. ஊசியைப் பார்த்துச் சொன்னாள்.

சோபாக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல லேசாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து உடனே கூச்சமாகவும் இருந்தது. குறடைக் கீழே வைத்தார்.

"ஓட்டுப் போட்டுடலாம்," என்றார்.

மெஷின் நின்றது.

ஓட்டு என்பது அந்த வீட்டு வழக்கம். மகள் சின்னப் பெண்ணாக இருக்கும்போது, பூனை வளர்க்கலாமா கூடாதா என்ற சண்டையில் ஆரம்பித்தது. முதலில் கையைத் தூக்கித்தான் போட்டார்கள். "ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் கையத் தூக்கறீங்க. இதுக்குப் பேரு ஓட்டா?" என்று மனைவி சத்தம் போட்டாள். அதிலிருந்து ரகசிய ஓட்டு. சோபா முதுகில் பதிக்கிற துணிப் பொத்தான்கள் கடையில் கூடை நிறையக் கிடக்கும். ஒவ்வொருவராகப் பின்கட்டுக்குப் போய், ஸ்பாஞ்சு அடுக்குக்குப் பின்னால் நின்று, சிவப்போ நீலமோ ஒரு பொத்தானை மூடியில் துளை போட்ட டப்பாவில் போட்டுவிட்டு வர வேண்டும். மூன்று பேர் என்பதால் எப்போதும் ஒரு முடிவு வந்துவிடும். பூனை தோற்றது. சுவருக்கு மஞ்சள் வண்ணம் ஜெயித்தது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் ஓட்டே நடக்கவில்லை.

"ரெண்டு பேர் எப்படிப்பா ஓட்டுப் போடறது?" என்றாள் மகள்.

"போட்டுப் பார்ப்போம். உங்க மாமா எண்ணட்டும். நீலம்னா பக்கத்துக் காலேஜ். சிவப்புன்னா தூரத்துக் காலேஜ்."

"எனக்கு ஓட்டுக் கிடையாதா?" என்றார் ஹாரன்.

"உங்களுக்கு ஓட்டுக் குடுத்தா மைக் வச்சுப் பிரசாரம் பண்ணுவீங்க," என்றாள் மகள்.

முதலில் அவர் போனார். பின்கட்டில் வெளிச்சம் குறைவு. கூடையைக் கிளறி ஒரு நீலப் பொத்தானை எடுத்துப் போட்டார். அது தகரத்தில் விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது. திரும்பி வர இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். மனைவி இருந்தால் எதைப் போட்டிருப்பாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மகள் பத்தாம் வகுப்பில் ஆற்றங்கரையிலிருந்து பை நிறையக் கூழாங்கல் பொறுக்கி வந்தபோது, மாவு சலிக்கிற சல்லடையைத் தூக்கிக் கொடுத்தவள் அவள். அவளுடைய ஓட்டை இல்லாமல் ஆக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒரு சிவப்பை எடுத்து, சத்தம் வராமல் விரலால் உள்ளே தள்ளினார்.

மகள் போய்விட்டு வந்தாள். அவளும் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஹாரன் டப்பாவைக் கவிழ்த்தார். பொத்தான்களை வெட்டும் மேசைமேல் பரப்பினார். மறுபடி எண்ணினார்.

"ரெண்டு பேர் போனீங்க. நாலு ஓட்டு விழுந்திருக்கு. ரெண்டு நீலம், ரெண்டு சிவப்பு." அவர் குரல் ஏறியது. "கள்ள ஓட்டுக் குடும்பமா இது? என் அக்கா இருந்த வீடா?"

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள்தான் முதலில் சொன்னாள்.

"சிவப்பு அம்மாவுது."

"நானும் அவளுக்குச் சிவப்புதான் போட்டேன்," என்றார் அவர்.

ஹாரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தெருவைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "சரி. சட்டப்படி ஒரு ஆளுக்கு ரெண்டு ஓட்டுக் கிடையாது. அக்காவோடதுல ஒண்ணைத் தள்ளிடறேன்." ஒரு சிவப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இப்ப ரெண்டு நீலம், ஒரு சிவப்பு. பக்கத்துக் காலேஜ் ஜெயிச்சுது. போங்க, போய்ப் பணத்தைக் கட்டுங்க."

எண்ணிக்கை சரிதான். சோபாக்காரர் விரும்பியதும் அதுதான். அவர் மேசையில் கிடந்த இரண்டு நீலப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்று தன்னுடையது. மற்றொன்றைப் பற்றி அவருக்கு ஏதோ இடித்தது.

"இந்த நீலம் உன் ஓட்டா?"

"ஆமாம்."

"உன் ஓட்டா, எனக்காகப் போட்டதா?"

அவள் மெஷின்மேல் கிடந்த நூல் துணுக்குகளை ஒன்றாகச் சேர்த்து உருட்டினாள்.

"என் ஓட்டை நானே போட்டுட்டேம்மா. அந்த நீலம் நான் போட்டது. நீ போகக்கூடாதுன்னு போட்டேன். வேற காரணம் எதுவும் இல்லை. அதனால நீ எனக்காகப் போட்டா அதுவும் கள்ள ஓட்டுதான். உன் ஓட்டு இன்னும் விழலை."

"நான் போயிட்டா உங்களுக்கு யாருப்பா தைப்பாங்க?"

"அதை ஓட்டுக்கு விடலையே. தையலுக்கு ஆள் தேடிக்கலாம். இப்பக் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"காலையில எழுந்து யார்கிட்டப் பேசுவீங்க?"

"உங்க மாமா இருக்காரே, வேண்டாம்னாலும் பேசுவாரு."

அவள் சிரிக்கத் தொடங்கி, அது பாதியில் வேறாக மாறி, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அங்கதான்பா போகணும்," என்றாள். "தினமும் அந்த ஊர் மேப்பைத் திறந்து பாக்கறேன். எந்தத் தெருவுல எந்தக் கடை இருக்குன்னு எனக்குத் தெரியும். போகாத ஊருக்கு ஏன் இப்படி ஏங்கறேன்னு தெரியலை."

அவருக்குத் தெரிந்தது. திரும்பி வராத ஒருத்திக்காக ஏங்குகிறவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

"நீயும் உங்க அம்மாவும் சிவப்பு, நான் ஒருத்தன் நீலம்," என்றார். "முடிஞ்சுது."

"அத்தான்! உதவித்தொகை வரலைன்னா இதுவும் போகும், அதுவும் போகும். ஒரு வருஷம் வீணாப் போயிடும்."

"வராட்டி அடுத்த வருஷம் மறுபடி கேப்பா. சோபாவுக்குத் துணி பத்தலைன்னா உக்கார்ற ஆளையா வெட்டறோம்?"

வெள்ளிக்கிழமை அவர்கள் அந்த சோபாவை முடித்தார்கள். அவர் துணியை இழுத்துப் பிடிக்க, அவள் மூலைகளை மடித்துக் கொடுத்தாள். இருவருமே நேரத்தைப் பார்க்கவில்லை. போன் அடித்தது. "மணி அஞ்சு. கையில இருந்ததும் போச்சு. வாழ்த்துகள்," என்று சொல்லிவிட்டு ஹாரன் வைத்துவிட்டார்.

அதன்பின் ஒரு விசித்திரம் நடந்தது. மகள் அமைதியாகிவிட்டாள்; அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. பல் துலக்கும்போது, "வந்துச்சா?" கடை ஷட்டரைத் தூக்கும்போது, "ஏதாவது வந்துச்சா?"

"இப்பத்தானேப்பா கேட்டீங்க?"

"அது வீட்டுல கேட்டது."

மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் போன் மணி அடித்தால் எடுக்கவே பயப்படுவார். எதுவும் வரக்கூடாது என்று வேண்டியபடியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். இப்போது அதே காது போன் மணிக்காகத் தவித்தது. வந்துவிட்டால் மகள் போய்விடுவாள் என்பதும் அதற்குத் தெரியும். தெரிந்தும் தவித்தது.

அடுத்த வாரம் நடுவில் ஒரு மதியம், அவள் ஜிப் வாங்க நூல் கடைக்குப் போயிருந்தாள். போனை மெஷின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது ஒரு தடவை அதிர்ந்தது. எட்டிப் பார்த்தார். கல்லூரியின் பெயர் தெரிந்தது. மேலே வேறெதுவும் தெரியவில்லை. திறந்து பார்த்திருக்கலாம். மகளுக்கு வந்ததைத் தான் முதலில் படிப்பதா என்று கையை இழுத்துக்கொண்டார்.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தலையெல்லாம் பஞ்சு. இடுப்பில் கட்டிய பையில் ஆணிகள் குலுங்கின. காய்கறிக்காரர், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. நூல் கடை வாசலில் அவள் ஜிப்பை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் பயந்துபோனாள். அவருக்குப் பேச மூச்சு வரவில்லை. போனை நீட்டினார்.

அவள் படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். அவர் போனைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அம்மாவுக்கும் இப்படித்தான், நல்ல சேதி என்றால் முதலில் மூக்கு சிவக்கும்.

"அப்பா," என்றாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார், தெருவைப் பார்த்துச் சிரித்தார், அவள் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டார். பிறகு, கேட்க விரும்பாத அந்த ஒன்றைக் கேட்டார்.

"எப்போ கிளம்பணும்?"