கஞ்சி போட்ட கரடிகள்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற லாட்ஜில் மீனம்பாளுக்கு அறை பெருக்குகிற வேலை. கோட்டை பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டில்மேல் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைப்பதும் அவள்தான். இதை மகள் தமிழினி கல்லூரியில் வாய்தவறிச் சொல்ல, கூடப் படிக்கும் மோனிகா பிடித்துக்கொண்டாள். பட்டமளிப்பு விழாவில் வகுப்புக்கே ஆளுக்கொரு பரிசாம். கை துடைக்கும் சின்னத் துண்டில் மடித்த கரடி, தலையில் கறுப்பு அட்டைத் தொப்பி. போனில் படத்தைக் காட்டி, துண்டுகளையும் பையில் திணித்து அனுப்பிவிட்டாள்.

மீனம்பாளுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை விழாவுக்கு லீவு சொல்லிவிட்டாள். கட்டப்போகும் புடவையைக்கூட எடுத்து வைத்தாயிற்று.

அந்த மேடையில் தன் பெயரைக் கூப்பிடமாட்டார்கள் என்பது தமிழினிக்குத் தெரியும். புள்ளியியல் பேப்பர் மறுபடியும் ஊற்றிக்கொண்டது. ரிசல்ட் வந்த அன்றே சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அம்மா இடுப்பு வலியோடு வந்து படுத்தாள். மறுநாள் சொல்லலாமென்றால், அதற்குள் மகள் பாஸ் என்றே நினைத்துத் தெருவுக்கே மிட்டாய் கொடுத்துவிட்டாள். அப்புறம் கரடிகள் வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டன. பொய்யைச் சுமப்பதும் வேலைதான் என்பது தமிழினிக்கு இப்போது புரிந்தது. உடம்பு அசந்துபோயிற்று.

புதுத் துண்டோ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மடித்து வைத்த கரடியெல்லாம் குடித்தவன் மாதிரி சரிந்தது. மீனம்பாள் யோசித்தாள். காட்டன் புடவைக்குச் செய்வதைத் துண்டுக்கும் செய்தாள். வடித்த கஞ்சியில் முக்கி, முக்கால்வாசி காய்ந்ததும் மடித்தாள். கரடிகள் விறைப்பாக நிமிர்ந்தன. லாட்ஜிலிருந்து வந்து, உட்கார்ந்த இடத்திலேயே மடித்து, ஒருவழியாக எல்லாவற்றையும் முடித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்து, கரடிகளை அடுக்கியிருந்த பையைத் திறந்தபோது, கரடிகளின் காதிலும் மடியிலும் எறும்பு. கஞ்சி வாசத்துக்குப் படையே வந்திருந்தது.

மீனம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாத்தையும் பிரிச்சி அலசணும். மறுபடி மடிக்கணும்."

"வேணாம்மா, வுட்டுடு."

"இன்னாடி வுட்டுடு? நீ பட்டம் வாங்கசொல்ல எங்கம்மா மடிச்சதுன்னு குடுக்க வேணாமா?"

தமிழினியால் அதற்குமேல் முடியவில்லை. "நான் வாங்கலம்மா. ஒரு பேப்பர் போயிடுச்சி. பயந்துகினு சொல்லல."

மீனம்பாள் கையிலிருந்த கரடியைப் பார்த்தாள். தொப்பியைப் பிய்த்து ஓரமாக வைத்தாள். கரடியை வாளித் தண்ணீரில் அமுக்கினாள். காது போயிற்று, கால் போயிற்று, வெறும் துண்டு மிதந்தது. திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது தமிழினிக்கு.

"தெருவுக்கே மிட்டாய் குடுத்தனேடி," என்றாள் மீனம்பாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

இருவரும் சேர்ந்து அலசிக் கொடியில் போட்டார்கள். மலைப்பாறைச் சூடு இறங்குகிற ஊர், துணி சீக்கிரம் காய்ந்தது. இந்தத் தடவை கஞ்சி இல்லை, ரிப்பன்தான். மீனம்பாள் மடிக்க, தமிழினி இறுக்கிக் கட்டினாள். கடைசித் துண்டைத் தமிழினி நீட்டியபோது அம்மா வாங்கவில்லை.

"அது உன்னுது. கொடியிலயே கெடக்கட்டும். பாஸ் பண்ணிட்டு வா, மடிச்சித் தரேன். மத்தத சனிக்கெழம நீயே எடுத்துனு போயி அவங்க கையில குடு."

"எல்லாரும் கேப்பாங்கம்மா. நான் எப்டி அங்க போயி நிப்பேன்?"

"மடிச்சது நானு. குடுக்கறது நீ."

"நீயும் கூட வாயேன்."

மீனம்பாள் எடுத்து வைத்திருந்த புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

"லீவு சொல்லிட்டேன், இனிமே அது வேணாம்னு சொல்லப்போறதில்ல. அன்னிக்கி ஒருநாளு தூங்கறேன்," என்றாள்.