படகு உண்டு, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்

“யாரும் வாயத் திறக்கக் கூடாது,” என்றாள் மரிவிக். “இருமல் வந்தா வெளிய போய் இருமுங்க. முக்கியமா நீங்க, மனாங் ஒஸ்ஸாங்.”

“நான் என்னடி பண்ணேன்?”

“இன்னும் ஒண்ணும் பண்ணல. அதான் இப்பவே சொல்றேன்.”

அந்த வாரம் மாதா சொரூபம் ரொனிலோ வீட்டில் இருந்தது. எங்கள் தெருவில் சொரூபம் வாரத்துக்கு ஒரு வீடாகப் போகும். பின்னாலேயே ஜெபமாலைக் கூட்டமாக நாங்கள் ஆறு பெண்களும் போவோம். வயசில் மூத்தவளை மனாங் என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். ரொனிலோவின் வேலைத் தேர்வும் அந்த வாரத்திலேயே ஒரு பிற்பகலில் வந்து விழுந்தது. மாதாவைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் வேடிக்கை பார்க்காமல் போக எங்களுக்கு மனசில்லை.

புயல் ஓய்ந்த மறுநாள் மனாங் ஒஸ்ஸாங் வீட்டுக் கூரைக்குத் தகடு அடிக்க ஏறியவன் ரொனிலோ. ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தான். அதிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. அவன் மனைவி மரிவிக் குவைத்தில் வீட்டுவேலைக்குப் போக எல்லாம் முடிவாகி, கட்டிய பெட்டி கதவோரம் நின்றது. இந்த வேலை அவனுக்குக் கிடைத்தால் பெட்டியைப் பிரிப்பாள். கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுவாள். அவனுக்கு நாங்கள் முறை வைத்துச் சோறூட்டுவோம்.

தீவுகளில் இருக்கும் விடுதிகளுக்கு விருந்தினர்கள் எழுதிக் கேட்பதற்கெல்லாம் பதில் எழுதுகிற வேலை அது. தேர்வு வைப்பவள் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு இவன் கணினித் திரையைப் பார்ப்பாள். திருமதி ஹார்ட்லி என்று பெயர். ஆளைப் பார்க்க மாட்டாள், குரலும் அவளுக்குக் கேட்காது.

“கை விளங்காதுன்னு அவகிட்ட சொன்னியா, தோத்தோ?” என்று கேட்டாள் மனாங் பசிங். ஜெபத்தை முன்னின்று சொல்பவள் அவள்தான்; ரொனிலோவைத் தம்பி என்கிற மாதிரி தோத்தோ என்றுதான் கூப்பிடுவாள்.

“சொல்லல, மனாங். சொன்னா பாவம்னு வேலை குடுத்துடுவாங்க. இல்லேன்னா பாவம், இவனால முடியாதுன்னு குடுக்காம விடுவாங்க. எனக்கு ரெண்டும் வேணாம்.”

மரிவிக் ஒலிவாங்கியை அவன் வாய்க்குப் பக்கத்தில் வைத்து, தலையணையைச் சரிசெய்துவிட்டு ஒதுங்கினாள்.

“விழித்துக்கொள்,” என்றான் ரொனிலோ.

எங்களிடம் பேசும் குரல் இல்லை அது. பள்ளிக்கூட ஆங்கிலத்தில், பூசை வைக்கும் பாதிரியார் மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னான். தூங்கிக் கிடந்த திரையில் வெளிச்சம் வந்தது.

“எண்களைக் காட்டு.”

திரையில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் படத்துக்கும் பக்கத்தில் சின்னச் சின்ன எண்கள் முளைத்தன. மழை விட்டதும் ஈசல் கிளம்புமே, அப்படி ஒரே நொடியில் திரை முழுக்க.

“பதினான்கைச் சொடுக்கு.”

பதினான்கு திறந்தது. யாரும் தொடவில்லை. விசைப்பலகை மூலையில் துணி மூடிக் கிடந்தது. அவன் கைகள் இரண்டும் போர்வைமேல், மரிவிக் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன.

மனாங் ஒஸ்ஸாங் என் காதுக்குள் முணுமுணுத்தாள்: “வாயால சொல்லியே வேலை நடத்தினவர் ஒருத்தர்தான்னு நெனச்சேன். வெளிச்சம் உண்டாகட்டும்னு சொன்னாரே, அவர்.”

“பாவம்டி, அப்படிப் பேசாத,” என்றாள் பசிங். ஆனால் அவள் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

“கீழே நகர்த்து.” பக்கம் கீழே போனது. “நில்.” நின்றது. ஒரு விருந்தினர் குளியல் துண்டுக்கு வாடகை உண்டா என்று கேட்டிருந்தார்; இன்னொருத்தி தன் நாயை அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தாள். அவன் சொல்லச் சொல்லச் சொற்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. “இரண்டாவது சொல்லைத் தேர்ந்தெடு. அதை அழி.” அழிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஈ விரட்டக் கூட முடியாத மனிதன், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளுக்கு அறை ஏற்பாடு செய்துகொண்டிருந்தான்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று இப்போது யோசித்தால் தெரிகிறது. அவன் ஒரு வரி சொல்வான், நிறுத்துவான். அடுத்த வரி சொல்வான், நிறுத்துவான். மாதா முன்னால் இருக்கிறாள், மெழுகுவத்தி எரிகிறது, ஜெபமாலை எங்கள் கையில் உருள்கிறது. அந்த இடைவெளியில் பதில் சொல்லிச் சொல்லியே வயசானவர்கள் நாங்கள். எங்கள் தெருவில் மன்றாட்டும் ஆங்கிலத்தில்தான்.

“நாளைக் காலை படகு உண்டு,” என்று சொல்லி நிறுத்தினான் ரொனிலோ.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்,” என்றோம் ஆறு பேரும்.

மரிவிக் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். திரையில், விருந்தினருக்கான பதிலில், கொஞ்சமும் பிசகில்லாமல் நின்றது: நாளைக் காலை படகு உண்டு எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

கீழ் மூலையில் திருமதி ஹார்ட்லி எழுதினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தேன்: படகு அவ்வளவு மோசமா?

ஒஸ்ஸாங்குக்குச் சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு வரி வந்தது: எங்களுக்காக என்றால் யாருக்காக? அங்கே யார் இருக்கிறார்கள்?

மரிவிக் மெல்ல வந்து தரையில் உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் எங்களைச் சுட்டது.

ரொனிலோ கீழ் மூலையின் எண்ணைச் சொல்லித் திறந்து, பதிலைச் சொன்னான். அது எழுதிக்கொண்டே போனது.

“நான் குரலால் வேலை செய்கிறேன். என் பின்னால் ஜெபக் கூட்டத்துப் பெண்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் பழக்கம். என் கைகள் அசையாது. அனுப்பு.”

மெழுகுவத்தி சொட்டியது. தெருவில் மீன்காரன் கத்திக்கொண்டு போனான். அந்தக் கத்தலிலும் அரைகுறையாக ஏதோ திரையில் ஏறியது. ரொனிலோ பொறுமையாக, “அதை அழி,” என்றான்.

கடைசியில் எழுத்து வந்தது: இதை ஏன் முன்பே சொல்லவில்லை?

“வேலை தெரியுமா என்று கேட்டீர்கள். எதைக் கொண்டு செய்வாய் என்று கேட்கவில்லை. அனுப்பு.”

“அடப்பாவி,” என்று மூச்சுவிட்டாள் பசிங், “வெள்ளைக்காரிகிட்டயே வாயாடுறானே.”

“வாய் மட்டுந்தானே இருக்கு, மனாங்,” என்றாள் மரிவிக். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

திருமதி ஹார்ட்லி எழுதினாள்: இன்னும் நான்கு கடிதங்கள் இருக்கின்றன. நேரம் கூட்டித் தர முடியாது. தொடருங்கள்.

ரொனிலோவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, அவன் கல்யாணத்தன்றுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை. அவள் பரிதாபப்படவில்லை. அவன் கேட்டதும் அது ஒன்றுதான்.

மனாங் பசிங் எழுந்து, ஜெபம் முடிந்தால் தருவதற்கென்று வைத்திருந்த பிஸ்கோச்சோ டப்பாவைத் திறந்தாள். சர்க்கரையும் வெண்ணெயும் தடவிச் சுட்ட ரொட்டி அது. ஒன்றைக் கடித்தால் வாய் முழுக்க அடைத்துக்கொள்ளும். ஆளுக்கு இரண்டாக வாயில் திணித்தாள். கன்னம் உப்பிய ஆறு பெண்கள், மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு, மாதா முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

“எண்களைக் காட்டு,” என்றான்.

காட்டியது. எத்தனை முறை பார்த்தாலும் உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு கடிதமாகத் திறந்தது, நிரம்பியது, போய்ச் சேர்ந்தது. கடைசிக் கடிதத்தை, “அனுப்பு” என்றபோது அவன் குரல் கம்மியிருந்தது. மரிவிக் தண்ணீர் புகட்டினாள். பாதி நெஞ்சில் வழிந்தது.

மூலையில் எழுத்து வந்தது. அதை அவனே சத்தமாகப் படித்தான்: “திங்கட்கிழமை ஆரம்பியுங்கள். வேலை நேரத்தில் ஜெபம் வேண்டாம். மற்ற நேரத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.”

வாயில் ரொட்டி இருந்ததால் எங்களால் கத்தக்கூட முடியவில்லை. ஒஸ்ஸாங் தொண்டை அடைத்து இருமிக்கொண்டே அழுதாள். அவன் விழுந்தது அவள் கூரையிலிருந்துதானே. மரிவிக் நேராகக் கதவோரம் போய்ப் பெட்டியைப் படுக்கவைத்துப் பூட்டைத் திறந்தாள். மேலாக இருந்தது அவனுடைய பழைய சட்டை. அதையும் கட்டியிருக்கிறாள்.

“மாதாவுக்கு இன்னிக்கு ஜெபம் பாக்கி,” என்றாள் பசிங், வாயைத் துடைத்துக்கொண்டு. “அந்தக் கம்ப்யூட்டரத் தூங்கச் சொல்லு, தோத்தோ.”

“இருக்கட்டும், மனாங். இப்ப கெடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. புதுப் பக்கம் தெறந்து வெச்சிருக்கேன். சொல்லுங்க.”

பசிங் மன்றாட்டைத் தொடங்கினாள். நாங்கள் பதில் சொன்னோம். வெள்ளைப் பக்கத்தில் வரி வரியாக, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஒருத்தியும் மாதாவைப் பார்க்கவில்லை.

“இத்தன வருஷமா காத்துல விட்டுட்டிருந்தோம்,” என்று நடுவில் மெல்லச் சொன்னாள் ஒஸ்ஸாங். “எங்க போயி விழுதுன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

அதையும் எழுதிக்கொண்டது.