பி ஃபிளாட்டில் ஒரு பாட்டு

காவியா ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. குருபரப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போவாள். ஆயுத பூஜைக்குக் கம்பெனிப் பாட்டுக் குழுவில் கிடார் வாசிக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தாள்.

குழுவை நடத்தியவர் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் அசோக்குமார். கீபோர்டு அவருடையது. முதல் ஒத்திகையிலேயே அவளுடைய குறையைக் கண்டுபிடித்துவிட்டார். கிடார் கழுத்தின் நுனியில் அவளுக்குத் தெரிந்தது ஏழெட்டு கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள். ஸ்ருதி ஏற வேண்டுமென்றால் கம்பிகளின் மேல் கேபோ என்கிற கவ்வியை மாட்டிக்கொள்வாள். அவ்வளவுதான்.

"மேல இருக்கற எடமெல்லாம் என்னன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"அப்ப கிடார்ல ஸ்பீக்கர் ஒயர் சொருகாத. சும்மா நில்லு. போட்டோவுக்கு நல்லாருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள், பாடகி ஸ்வாதியைத் தவிர. காவியாவுக்குக் காதுமடல் சுட்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பஸ்ஸிலேயே போனில் தேடினாள். பெங்களூருக்காரர் ஒருவர் கன்னடத்தில் பாடம் நடத்தினார். சி, ஏ, ஜி, இ, டி என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஐந்து கார்டுகளும் ஐந்து உருவங்கள், அவ்வளவுதான் என்றார். உருவத்தை அப்படியே மேலே நகர்த்து. கேபோ செய்யும் வேலையை ஆள்காட்டி விரல் செய்யட்டும். கார்டின் பெயர் மாறும், உருவம் மாறாது. ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் அந்த ஸ்கேலின் சுரங்கள் இருக்கும். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும்.

வீட்டுக்குப் போனதும் கேபோவை அம்மா ஜோதியம்மாளிடம் கொடுத்தாள். "நானே கேட்டாலும் குடுக்காதம்மா." ஜோதியம்மாள் அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

முதல் இரண்டு வாரம் கிடாரில் 'தொப் தொப்' என்ற சத்தம்தான். விரல் நுனி வெந்ததுபோல் எரிந்தது. அட்டைத் துண்டில் ஆறு கோடு போட்டு, பஸ்ஸிலும் விரல் வைத்துப் பழகினாள்.

ஆயுத பூஜை அன்று இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தாயிற்று. மேடையில் ஸ்வாதி தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், சளி. ஒரு கட்டை எறக்கிக்கலாமா?"

அசோக்குமார் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். "அப்ப சி இல்ல, பி ஃபிளாட். காவியா, உங்கிட்ட கேபோவும் இல்ல, நீ எறங்கிக்கோ. உனக்கு இது வராது."

"எறங்க மாட்டேங்க சார்." ஒயரை எடுத்துச் சொருகினாள்.

"ஒயர எடுங்கறேன்."

"எடுக்க முடியாதுங்க சார். நீங்க ஆரம்பிங்க."

முன்வரிசையில் மேனேஜர்கள். அவரால் சத்தம் போட முடியவில்லை.

ஏ உருவத்தைக் கிடார் கழுத்தின் முதல் கட்டத்துக்குத் தள்ளினாள். பி ஃபிளாட் விழுந்தது. இ மைனர் உருவம் மூன்றாவது கட்டத்தில், ஜி மைனர். அடுத்து சி உருவத்தை மூன்று கட்டம் தள்ள வேண்டும். அவசரத்தில் இரண்டுதான் தள்ளினாள். அபஸ்வரம். அசோக்குமார் திரும்பிப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை. அடுத்த சுற்றில் மூன்று கட்டம் சரியாகத் தள்ளினாள்.

பாட்டின் நடுவே கீபோர்டுக்கென்று இருந்த இடத்தில், யாரும் கேட்காமலே அந்த ஸ்கேலின் சுரங்களை வாசித்தாள். ஸ்வாதி சிரித்துக்கொண்டே அவள் பக்கம் வந்து நின்றாள். பிரஸ் ஷாப் ஆட்கள் விசில் அடித்தார்கள்.

முடிந்ததும் அசோக்குமார் வந்தார். "யாரக் கேட்டு ஒயர் சொருகின?"

"யாரையும் கேக்கலங்க சார்."

"ஒரு எடத்துல தப்பா வாசிச்ச."

"ஆமாங்க சார். அப்பறம் சரியா வாசிச்சேன். அதையும் கேட்டிருப்பீங்க."

மறுவாரம் அறிவிப்புப் பலகையில் குழுவினர் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். அவள் பெயர் இல்லை. பேனாவால் 'கிடார்: காவியா' என்று கீழே எழுதினாள். மறுநாள் அவள் பெயர் இல்லாமல் வேறு தாள் ஒட்டியிருந்தது. இம்முறை, கழித்த உதிரிபாகங்களில் குறி போடும் சிவப்பு மார்க்கரால் எழுதினாள்.

"காண்ட்ராக்ட்ல இருந்துக்கிட்டு இவ்ளோ திமிரா?" பின்னால் நின்றிருந்த அசோக்குமார் கேட்டார்.

"பேர் எழுதறது திமிருன்னா, திமிருதாங்க சார்." மார்க்கரை மூடிப் பையில் போட்டுக்கொண்டு லைனுக்குப் போனாள்.

அந்தத் தாளை யாரும் கிழிக்கவில்லை. பொங்கலுக்கான ஒத்திகை தொடங்கியபோது ஸ்வாதி வந்து கூப்பிட்டாள். காவியா ஒயரோடு போனாள்.