அடைத்த குழாயும் போர்மேன் ஊர்க்காவலனும்

ஆனைக்குட்டம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் ஊர்க்காவலன் அண்ணன் போர்மேன். கலந்த வெடிமருந்து கையளவு மிஞ்சினாலும் மறுநாளைக்கு வைக்க விடமாட்டார். இறுக்கி அடைத்த எதுவும் ஒருநாள் வெடிக்கும் என்பது அவருடைய வேதம். அப்படிப்பட்டவர், 2006 தீபாவளி சீசனுக்கு முன்னால் ஆண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டார்.

தானாகச் செய்துகொள்ளவில்லை. மனைவி அய்யம்மாள் மூன்றாவது பிரசவத்தில் பிழைத்ததே பெரிது, இன்னொன்று என்றால் உயிர் தங்காது என்று டாக்டரம்மா கண்டித்த பிறகு ஒத்துக்கொண்டார்.

"ஏலே பெத்தணா, குழாயத்தான் அடைச்சிருக்காக. உள்ள உற்பத்தி நிக்கலையாம்லே," என்று என்னிடம் புலம்பினார். நான் கம்பெனி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். "தெனமும் சரக்கு சேருது, வெளிய போக வழியில்ல. என்னைக்கு வெடிக்குமோ!"

சைக்கிளில் ஏறுவதை நிறுத்தினார். வெயிலில் நிற்க மறுத்தார். சீசன் நேரத்தில் மனிதர் வேப்பமரத்தடியில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். பொறுக்க முடியாமல் அய்யம்மாள் அவரை என் ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள்.

"ஒண்ணும் வெடிக்காதுய்யா," என்றார் டாக்டரம்மா. "வெளிய போக முடியாத விந்தணுவ உடம்புல இருக்கிற துப்புரவு அணுக்களே தின்னு செரிச்சிரும். குரங்குக்கு இதே ஆபரேஷன் பண்ணிப் பார்த்திருக்காங்க. அதுக்கும் இப்படித்தான்."

பயம் போய்விட்டது. அந்த இடத்தில் ரோஷம் வந்து உட்கார்ந்தது.

"என் வம்சத்த என் உடம்பே குப்பையாட்டம் திங்குதா?" என்று வாசலில் நின்று குதித்தார். "குரங்கும் நானும் ஒண்ணா? நாளைக்கே குழாய மறுபடி இணைக்கச் சொல்லுதேன். என்ன ஆனாலும் ஆகட்டும்!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அய்யம்மாள் முகத்தைப் பார்த்தேன், அடங்கிவிட்டது. என்ன ஆனாலும் ஆகப்போவது அவளுக்குத்தானே.

"மூணு பிள்ளையும் என் ரத்தத்தத் தின்னுதான் வந்துச்சு," என்றாள். "பல்லு ஆடுச்சு, கண்ணு இருட்டுச்சு, நிக்க முடியாம செவத்தப் பிடிச்சிட்டு நின்னேன். அப்ப ஒருநா வந்து, இவள எது திங்குதுன்னு கேட்டீகளா?"

அண்ணன் போய் ஆட்டோவில் ஏறினார். இணைக்கிற பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.