அடுப்படிக்கு டூட்டி மாறும் நேரம்

என் அக்கா புருஷன் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நூற்றுப்பத்து வண்டிகளின் நேரமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். டிப்போவில் வாய் ஓயாது. வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடுவார். பத்தொன்பது வருஷமாக 'ம்', 'சரி', 'வச்சிடு' என்ற மூன்று சொற்களிலேயே குடித்தனம் நடத்திய மகான் அவர்.

அக்கா கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்ப்பவள். "இந்த எழுத்து தெரிகிறதா?" என்று நாளெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் பேசிவிட்டு, வீட்டில் பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பிள்ளைகளும் இல்லை. கடைசியில் நான் டைப் அடிக்கிற வக்கீல் ஆபீஸுக்கே வந்து நின்றாள்.

"வீட்ல பேச ஒரு ஆள் வேணும்டி. இல்லேன்னா தனியாவே இருந்துக்கறேன். ஆனா விவாகரத்து வேண்டாம்."

அவரை இன்னொருத்தி கட்டிக்கொண்டு போவதை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊமைச்சாமிக்கு வரிசையில் நிற்கிறார்களாக்கும்!

வக்கீலம்மா சிரிக்காமல் விளக்கினார். நீதிமன்றத்தில் பிரிவு உத்தரவு மட்டும் வாங்கலாம். சேர்ந்து வாழவேண்டிய கடமை போய்விடும், கல்யாணம் அப்படியே இருக்கும், இருவரில் யாரும் மறுமணம் செய்ய முடியாது. மனம் மாறினால் இருவரும் மனுப் போட்டு உத்தரவை நீக்கிக்கொள்ளலாம். மாறாவிட்டால், பிற்பாடு விவாகரத்துக்கும் போகலாம். அத்தானைக் கூப்பிட்டுக் கேட்டோம். 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார். அடப்பாவி மனுஷா என்று பல்லைக் கடித்தேன்.

உத்தரவும் வந்தது, வேறு வீடுதான் அமையவில்லை. ஒரே வீட்டில் இருந்தாலும் தனித்தனிக் குடித்தனமாக இருக்கவேண்டும் என்றார் வக்கீலம்மா. அறைகள் இரண்டு, சரி. அடுப்படி ஒன்றுதானே? அத்தான் உடனே ஸ்கேல் வைத்து அட்டவணை போட்டார். இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை அவள், அதன்பிறகு அவர்.

அங்கேதான் மனிதர் கோட்டை விட்டார். டிப்போவில் ஒரு டிரைவர் அடுத்தவரிடம் வண்டியை விடும்போது பிரேக் எப்படி, வழியில் என்ன நடந்தது என்று நேரில் சொல்லி, இருவரும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் டூட்டி முடியும். அதற்கென்றே பத்து நிமிடம் உண்டு. பழக்கதோஷத்தில் அடுப்படிக்கும் அதையே எழுதிவைத்துவிட்டார். ஒரு நாளைக்கு ஆறு தடவை டூட்டி மாறும். ஆக, பிரிந்து வாழும் தம்பதிகள் தினமும் ஒரு மணி நேரம் எதிரெதிரே நின்று பேசியாக வேண்டும்!

அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த அடுப்படி நோட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டினேன். முதல் வாரத்தில் அவர் எழுத்து: 'இடது பர்னர் சரியாக எரியவில்லை.' மூன்றாம் மாதத்தில்: 'இருமினாள். கேட்டேன். தூசி என்றாள். நம்பவில்லை.' அதன்கீழே அக்கா: 'ஒரு குழந்தை முதல் தடவையாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னேன். சிரித்தார்.' சத்தமில்லாமல் நோட்டை வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு வருஷம் ஆனதும் அத்தான் தேய்த்த சட்டையோடு ஆபீஸுக்கு வந்தார். உத்தரவை நீக்கவேண்டுமாம். துள்ளிக் குதிக்காத குறையாக நானே மனுவை அடித்தேன், மூன்று பிரதி. அக்காவுக்குப் போன் போட்டு வரவழைத்தேன். அவள் நின்றபடியே படித்தாள், பேனாவை மூடினாள்.

"நான் போடமாட்டேன்."

"இப்பதான் நான் பேசறேனே" என்றார் அத்தான்.

"டூட்டி மாத்தறப்ப பேசறீங்க. சேந்துட்டா டூட்டி ஏது? மறுபடியும் என்னைச் சுவரைப் பாக்க விட்டுருவீங்க. எனக்குப் பயமா இருக்கு."

சண்டை போடுவார் என்று பார்த்தேன். அவர் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வக்கீலம்மா பக்கம் திரும்பினார்.

"எனக்கும் அதே பயந்தான்மா. என்னை எனக்குத் தெரியும். இந்த உத்தரவு இன்னும் எத்தனை வருஷம் இருக்கலாம்?"

இஷ்டமிருக்கும் வரைக்கும் இருக்கலாம் என்றார் வக்கீலம்மா. இருவரும் பேசிக்கொண்டே படியிறங்கினார்கள். மூன்று பிரதிகளையும் நானே கிழித்துப் போட்டேன்.