எட்டு மணிச் சோறு

மகிமைதாஸின் வீட்டில் அறைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போக ஆரம்பித்து எட்டு மாதமாகியிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிடாத வீடுகளில் அப்படித்தான் ஆகும். அவர் திருநெல்வேலிப் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பர். வேலை முடிந்ததும் பரோட்டாக் கடையில் ஒதுங்கிவிட்டு வருவார். மனைவி ரோஸ்லினுக்கு வள்ளியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பன்னும் டீயுமாக அங்கேயே முடித்துக்கொள்வாள். கல்லூரியில் படிக்கும் மகள் ஜெபகனி, கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே நூடுல்ஸ் கிண்டிக்கொள்வாள்.

முதலில் கூடத்துக்கும் மகள் அறைக்கும் நடுவே நாலு எட்டு கூடியது. பிறகு ஒரு தெரு வந்து நுழைந்தது. ஐப்பசியில் அவள் அறை பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. ரோஸ்லினின் படுக்கையறை தெற்கே போய்க்கொண்டிருந்தது. மகிமைதாஸ் விடிகாலையில் எழ வேண்டியவர் என்பதால் கூடத்திலேயே படுப்பார். அதனால் அவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் போன் செய்தாள்.

"ஏங்க, ஜன்னலத் தொறந்தா ஒரே கரண்டு காத்தாடியாத் தெரியுது. பணகுடி தாண்டிட்டேன் போல."

"அடுத்து?"

"கன்னியாகுமரிதான். அதுக்கப்புறம் கடல்."

பிறகு மகிமைதாஸ், "ரசத்துக்குப் புளி எவ்வளவு போடணும்?" என்று கேட்டார்.

"நெல்லிக்கா அளவு," என்றாள் ரோஸ்லின்.

மறுநாள் அவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்தார். வள்ளியூர் வண்டி ஏழே முக்காலுக்கு வந்துவிடும். மகளுக்கு ஏழரைக்கு டவுன் பஸ். எட்டு மணிக்குச் சாப்பாடு என்று இருவருக்கும் போனில் சொல்லிவிட்டு, தாளிலும் எழுதிச் சுவரில் ஒட்டினார். சோறு குழைந்துவிட்டது. ரசத்தில் உப்பு இல்லை.

"எப்பா, இதக் கரண்டியால வெட்டித்தான் எடுக்கணும்," என்றாள் ஜெபகனி. ஆனாலும் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டாள். ரோஸ்லின் உப்பை எடுத்து வைத்தாள். சாப்பிட்டதும் அவரவர் பஸ்ஸில் அவரவர் அறைக்குப் போனார்கள். காலையில் பார்த்தால், மகள் அறை இரண்டு நிறுத்தம் பக்கத்தில் வந்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் எட்டு மணி. கத்தரிக்காய் தீய்ந்த நாளிலும் எட்டு மணிதான். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, அலுப்பில், மூன்று சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கி, மனைவிக்கும் மகளுக்கும் அவரவர் அறைக்கே கொடுத்தனுப்பினார். மறுநாள் மகள் அறை பழையபடி பாளையங்கோட்டையில் நின்றது. பஸ் பிடித்து வந்து பரீட்சைக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனாள் ஜெபகனி. சாயங்காலம் வந்து, வழக்கம்போல மூன்று தட்டையும் கழுவி வைத்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு அவள் கேட்காமலே வாழைக்காய் வறுத்தார்.

தை மாதத்தில் ஒருநாள் ரோஸ்லின் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பில், பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி தூங்கிப்போனாள். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுப்பவில்லை. தங்கள் தட்டுகளையும் தொடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துக் கண் விழித்தவள், "நீங்க ரெண்டுபேரும் ஏன் சாப்பிடல?" என்றாள்.

"நீ முழிக்கட்டும்னுதான்," என்றார் மகிமைதாஸ்.

அந்த ஒரே ராத்திரியில் படுக்கையறை நாற்பது கிலோமீட்டர் வந்தது. பங்குனியில் அது கூடத்தோடு ஒட்டிக்கொண்டது, சிமெண்டுகூடத் தேவைப்படவில்லை. மூலையில் கிடந்த பணகுடி மணலை ஜெபகனி கூட்டித் தள்ளினாள்.

அறைகளெல்லாம் வந்து சேர்ந்த பிறகும் மகிமைதாஸ் சமைப்பதை விடவில்லை. ஏழு மணியானால் கை தானாக அரிசிப் பானைக்குப் போனது.

வைகாசியில் ஒரு சாயங்காலம், காய்கறித் தோலைக் கொட்டக் கொல்லைக் கதவைத் திறந்தார். அறைகள் வந்ததைப்போலவே, படியை ஒட்டி ஒரு ரயில்வே பிளாட்பாரம் வந்து கிடந்தது. பெட்டிகள்மேல் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டி ஒண்ணரை மணி நேரம் லேட்டு, சார்," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

மகிமைதாஸ் அவரையும் சேர்த்துத் தலைகளை எண்ணினார். உள்ளே திரும்பி, "ரோஸ்லின், பன்னெண்டு பேரு," என்றார்.

"சாம்பார்ல கொஞ்சம் தண்ணி சேத்துக்கிடுங்க," என்றாள் ரோஸ்லின்.

ஜெபகனி வாழையிலை நறுக்கப் போனாள்.